பன்றித் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா, வணக்கம்.

உயிரித் தொழில்நுட்பத்தில் பட்டம் முடிக்கப்போகும் மகள், மேற்படிப்புக்குப் பன்றித் தடுப்பூசி வடிவமைப்பைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். ‘மனிதனுக்கு மருந்து கண்டுபிடித்தால் பெருமை, பன்றிக்கு ஊசி செய்யவா இவ்வளவு படிப்பு?’ என்ற உங்கள் கேள்வியில் கோபமும் தெரிகிறது. வேலையைப் பற்றிப் பயம் வேண்டாம், அதற்கு வருகிறேன். எனக்குள்ள சந்தேகம் வேறு: ‘வடிவமைப்பு’ என்றதும் உங்கள் மகள் கணினித் திரையை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ?

முதலில் உங்கள் கோபத்துக்குப் பதில். மரபணுவில் கைவைத்து உருவாக்கிய உயிருள்ள வைரஸ் தடுப்பூசிக்கு முதன்முதலில் உரிமம் கிடைத்தது 1986இல், அமெரிக்காவில். அது பன்றிகளுக்கு வரும் ஆஜெஸ்கி நோய்க்கான ஊசி. பின்னால் வந்த ஆஜெஸ்கி ஊசிகளில் வைரஸின் ஒரு புரதத்தையே நீக்கிவிட்டார்கள். ஊசி போட்ட பன்றியின் ரத்தத்தில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி (நோயை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம்) இருக்காது. நோய் வந்த பன்றியில் இருக்கும். ஒரே ரத்தப் பரிசோதனையில் இரண்டையும் பிரித்துவிடலாம். பல நாடுகள் பண்ணைகளிலிருந்து அந்த நோயை ஒழிக்க இந்த ஏற்பாடு கைகொடுத்தது. ஆர்என்ஏ ஊசியை உலகம் 2020இல்தான் கேள்விப்பட்டது. பன்றிக் குட்டிகளைக் கொல்லும் பிஇடி என்ற வயிற்றுப்போக்கு நோய்க்கு, ஆர்என்ஏ துகள் முறையில் (வைரஸின் மரபணுச் செய்தியைத் துகளில் ஏற்றி) செய்த ஊசிக்கு 2014லேயே அமெரிக்காவில் நிபந்தனை உரிமம் கொடுத்துவிட்டார்கள். இந்த முறையில் வைரஸைக் கொண்டுவர வேண்டியதுகூட இல்லை, அதன் மரபணு வரிசை கையில் இருந்தால் போதும். ஆகவே இது இரண்டாந்தர அறிவியல் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இனி மகளிடம் பேச வேண்டியது. பன்றிகளுக்கு நோய் தரும் சர்க்கோவைரஸ் மிகச் சின்னது, அதன் மரபணுத் தொகுப்பில் 1,800 எழுத்துகூட (மரபணுவின் வேதி அலகுகள்) இல்லை. அதன் உறைப் புரதத்தை மட்டும் பூச்சி செல்களில் தயாரித்தால், புரதங்கள் தாமே கூடி, உள்ளே ஒன்றுமில்லாத வைரஸ் கூடாக மாறிவிடுகின்றன. 2006 வாக்கில் வந்த இந்த ஊசி பெரிய வெற்றி. பாடப்புத்தகத்தில் வருவது இந்த மாதிரிக் கதைகள்தான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அப்படி வளைந்து கொடுக்காது. கென்யாவில் கண்ட அந்த நோயைப் பற்றி 1921லேயே எழுதிவிட்டார்கள். வைரஸில் 1,70,000க்கும் மேற்பட்ட எழுத்துகள், 150க்கும் அதிகமான புரதங்கள். அவற்றில் எவை சேர்ந்தால் பாதுகாப்பு கிடைக்கும் என்பதில் இன்னும் முடிவில்லை. அதனால் மரபணுவை நீக்கி வீரியம் குறைத்த உயிர் வைரஸைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வியட்நாம் 2022இல் அப்படியொரு ஊசியை அனுமதித்தது, ஊசி போட்ட பன்றிகள் சில இடங்களில் இறந்ததும் நிறுத்திவைத்தது, 2023இல் நாடு முழுக்கப் பயன்படுத்தச் சம்மதித்தது. உங்கள் மகள் நுழைய நினைக்கும் துறையின் நிஜ வேகம் இது.

கணினியில் பிடிபடாத இன்னொன்று பன்றியின் உடல். தாய்ப்பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி குட்டிக்குப் போகாது. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது; முதல் நாளுக்குள் குடிக்கும் சீம்பால்தான் அதற்குக் கவசம். எனவே பிஇடி மாதிரி நோய்க்கு ஊசியைத் தாய்க்குப் போட்டுப் பால் வழியாகக் குட்டியைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஆனால் அதே தாயின் ஆன்டிபாடி, பிறகு குட்டிக்குப் போடும் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கவும் செய்யும். எந்த வாரத்தில் போடுவது என்பதே ஒரு ஆராய்ச்சி. இறைச்சிக்கு வளர்க்கும் பன்றி சுமார் ஆறு மாதம்தான் வாழும். அதற்குள் பலன் தெரிய வேண்டும், ஊசியும் மலிவாக இருக்க வேண்டும். எத்தனையோ அழகான வடிவமைப்புகள் இந்த இடத்தில்தான் அடிபடுகின்றன.

அப்புறம் பண்ணை. பெரிய பண்ணைகளில் குளித்து, உள்ளாடை முதல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். வெளியே வரும்போது மறுபடி குளியல். ரத்தம் எடுக்க மேல்தாடையில் கயிறு போட்டுப் பிடித்தால் பன்றி போடும் அலறலுக்குக் காதடைப்பான் வேண்டும். ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க, ஊசி போட்டவை, போடாதவை இரண்டுக்குமே நோயை வேண்டுமென்றே கொடுத்து, கடைசியில் பெரும்பாலும் எல்லாவற்றையும் கருணைக்கொலை செய்து, நுரையீரலை அறுத்துப் பார்த்து பாதிப்புக்கு மதிப்பெண் போடுவார்கள். மனிதத் தடுப்பூசியில் எளிதில் கிடைக்காத வசதி இது, யாருக்காக ஊசியோ அந்த உயிரிலேயே நேரடியாகச் சோதிக்கலாம். ஆனால் எல்லோராலும் அங்கே நிற்க முடியாது. முடியாவிட்டால் அது குறையும் இல்லை, புரதக் கட்டமைப்பு, உயிரித் தகவலியல் (மரபணுத் தரவைக் கணினியில் அலசுவது) பக்கம் போகலாம். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மகளுக்கு நோய் தொற்றுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது. பன்றிகளைத் தாக்கும் மற்ற வைரஸ்களில் இன்ஃபுளுவென்சா மனிதருக்கு வரும், நிபா வரும். அவற்றைக் கையாளும் ஆய்வகங்களின் விதிமுறைகள் கடுமையானவை, பயிற்சி இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்ப மாட்டார்கள்.

வேலை விஷயம். சோயட்டிஸ், போரிங்கர் இங்கல்ஹைம், எம்எஸ்டி, ஹிப்ரா போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் பிர்பிரைட், ஜெர்மனியில் ரீம்ஸ் தீவிலுள்ள ஆய்வு நிலையம், கனடாவின் சஸ்கட்டூனில் உள்ள வைடோ, சீனாவின் ஹார்பின் என்று பொது ஆய்வகங்களும் உண்டு. வடிவமைப்புக் குழுவில் இடம் வேண்டுமென்றால் முனைவர் பட்டம் இல்லாமல் கடினம். அதைவிட அதிக ஆட்கள் தேவைப்படுவது தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு, உரிம ஆவணப் பிரிவுகளில். முதுகலையோடு அங்கே நுழையலாம். கால்நடை மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை, ஆனால் விலங்குச் சோதனையைத் தலைமையேற்று நடத்த ஆசைப்பட்டால் அது பெரிதும் உதவும்.

என் யோசனை, முதுகலைக்கு நோயெதிர்ப்பியலை எடுக்கட்டும், பன்றியை ஆய்வேட்டில் வைத்துக்கொள்ளட்டும். பட்டத்தின் பெயரிலேயே பன்றி இருந்தால், பின்னால் மனம் மாறினால் வெளியேறுவது சிரமம். அதற்கு முன் விடுமுறையில் ஒரு மாதம் கால்நடை நோயறி ஆய்வகம் ஒன்றில் பயிற்சிக்குப் போகச் சொல்லுங்கள். பிறகு வழிகாட்டியாக வரப்போகிற பேராசிரியரிடம் அவளே மூன்று விஷயம் கேட்கட்டும்: ஆய்வகத்துக்குப் பன்றிகளில் சோதிக்கும் வசதி சொந்தமாக இருக்கிறதா, இல்லை வேறு இடத்தில் வரிசையில் நிற்க வேண்டுமா? நிதி இன்னும் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது? (கொள்ளைநோய் வரும்போது கொட்டுகிற பணம் அடுத்த ஆண்டே வற்றிவிடும்.) கடைசியாக முடித்த மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அடுத்த ஆய்வகத்தைப் பாருங்கள்.