அமைப்பு உயிரியல்: மூன்று கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தாம்பரம், முதுகலைக் கணித மாணவி): பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்டேன். இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா, ஐயா?

பதில்: நிச்சயம் உண்டு. உயிரின் பாகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதைக் கணித மாதிரிகளால் ஆராயும் துறைதானே இது. ஊசிக் கணவாயின் நரம்பிழையில் மின்துடிப்பு ஓடும் விதத்தை 1952இல் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் உடலியங்கியல் படித்தவர்கள். தாங்கள் அளந்ததைக் கையால் சுழற்றும் கணக்குப்பொறியில் தாங்களே கணக்கிட்டார்கள். அவர்கள் கணிதத்துக்கு வந்தது போல நீங்கள் உயிரியலுக்கு வாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலும் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடக்கின்றன.

கேள்வி (திருவல்லிக்கேணி, நுண்ணுயிரியல் மாணவர்): கணினி மாதிரி சொல்வதும் குடுவையில் நடப்பதும் ஒத்துவராவிட்டால் எதை நம்புவது?

பதில்: கவனமாகச் செய்த சோதனையைத்தான். ஆனால் மாதிரியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது பிசகும் இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 2017இல் வெளியான வளர்சிதைமாற்ற மாதிரியில் (செல்லுக்குள் உணவு மாறும் வேதிவினைகளின் கணக்கு) 1515 மரபணுக்களும் 2719 வினைகளும் உள்ளன. குளுக்கோசு, லாக்டோசு என்ற இரு சர்க்கரைகளும் கலந்த வளர்ப்பு ஊடகத்தைக் கொடுத்தால், வினைகளின் வரவுசெலவை மட்டும் பார்க்கும் எளிய கணக்கு, செல் இரண்டையும் ஒருசேர உண்ணும் என்கிறது. செல்கள் பெருகப் பெருகக் கூடும் குடுவையின் கலங்கலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வரைந்து பாருங்கள்: கோடு ஏறும், சற்று நேரம் படுத்துக் கிடக்கும், மறுபடி ஏறும். குளுக்கோசு தீர்ந்த பிறகே லாக்டோசைச் சிதைக்கும் நொதியைச் செல் போதிய அளவில் உண்டாக்குகிறது. மரபணுக்களைத் திறந்து மூடும் அந்தக் கட்டுப்பாடு நம் கணக்கில் சேரவே இல்லை. 1940களில் பிரெஞ்சு அறிஞர் மோனோ கண்ட இந்தப் படுத்த கோடுதான், 1961இல் அவரும் ஜேக்கபும் எழுதிய ஓபரான் (சேர்ந்தே திறந்து மூடும் மரபணுத் தொகுதி) விளக்கத்துக்கு வித்திட்டது.

கேள்வி (அடையாறு, ஆய்வு மாணவி): எங்கள் குழுவில் உயிரியலாரும் கணினியாரும் ஒரே மேசையில் அமர்ந்தும் பேச்சு ஒட்டுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சொற்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 'மாதிரி' என்றால் ஒருவர் குளிர்பெட்டியில் உள்ள குழாயை நினைக்கிறார், மற்றவர் சமன்பாட்டை நினைக்கிறார். இதை அறியாமல் ஒரு கூட்டம் முழுவதும் பேசி முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, சோதனை முடிந்த பிறகு தரவை அனுப்பிவைக்கும் வழக்கத்தை விடுங்கள். எந்தெந்த நேரத்தில் அளப்பது, எத்தனை முறை திரும்பச் செய்வது என்பதை முன்கூட்டியே இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்யாவிட்டால், குளுக்கோசு தீர்கிற அந்தச் சில நிமிடங்களுக்கு உங்களிடம் ஓர் அளவீடுகூட இருக்காது.