13 வயது மகனுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைக்கும் ஊசி

வேண்டாமுங்க. ஆட்டிசம் உள்ள உங்கள் மகனுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) கூடுதலாக இருக்கிறது, கோபம் குறைய அதைக் குறைக்கும் ஊசி போடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டிசத்துக்கு அது சிகிச்சையே அல்ல. அந்த ஹார்மோனைக் குறைக்கும் லூப்ரான் என்ற ஊசியை ஆட்டிசக் குழந்தைகளுக்குப் போட்ட மார்க் கையர் என்ற அமெரிக்க மருத்துவரின் உரிமத்தை மேரிலாந்து மருத்துவ வாரியம் 2012-ல் ரத்து செய்தது. வளரும் பையனுக்கு எலும்பின் வலுவையும் அது குறைக்கும்.

ஆட்டிசத்தையும் டெஸ்டோஸ்டிரோனையும் இணைத்துப் பேசும், பிரிட்டிஷ் ஆட்டிச ஆய்வாளர் சைமன் பேரன்-கோஹன் குழுவின் ஆய்வு கருவறைக் கால ஹார்மோனைப் பற்றியது, பனிக்குட நீரில் அளந்தது. இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையோடு அதைக் கோக்க முடியாது. 13 வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தான் செய்யும்.

பெரும்பாலும் இந்தக் கோபம் பருவ மாற்றமும், சொல்லத் தெரியாத ஒரு வலியும் சேர்ந்தது. பல்வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு ஆகியவற்றை முதலில் பாருங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் கோபம் வந்த நேரம், சாப்பாடு, தூக்கம், அன்று என்ன சத்தம் இருந்தது என்று எழுதுங்கள். (எங்கள் பையனுக்கு நோம்பி (திருவிழா) மேளம்தான் காரணம், கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது.)

ஆனால் வெறித்துப் பார்த்து நின்றாலோ, கை கால் வெட்டினாலோ காத்திருக்காதீர்கள். இந்த வயதில் வலிப்பு தொடங்கலாம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஈரோடோ கோவையோ, நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.