அடுப்புச் சுவர்க் கணக்கு

வணக்கம் ஐயா,

கேரளத்து வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) எழுதுகிறேன். கம்பத்தில் பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறேன். போன், கம்ப்யூட்டர், டிவி என்று எதில் எவ்வளவு நேரம் போகிறது என ஒரு வாரம் தினமும் குறித்து, அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் எங்கள் மிஸ். போனில் நேரக்கணக்கு காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து பார்த்தேன். புதன்கிழமை மட்டும் 6 மணி 40 நிமிடம். 112 தடவை திறந்திருக்கிறேன். இன்ஸ்டாகிராம் மட்டும் 1 மணி 50 நிமிடம். வெட்கமாகிவிட்டது, நோட்டில் 40 நிமிடம் என்று மாற்றி எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் திருப்பூரில் இருக்கும் மகனை வீடியோ காலில் பிடித்துக் கொடுத்தேன், 25 நிமிடம். அதையும் என் கணக்கில் சேர்க்க வேண்டுமா? நான் போனுக்கு அடிமையாகிவிட்டேனா? கட்டுப்படுத்த நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள். பட்டன் போனுக்கே மாறிவிடலாமா? புதன்கிழமைப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் ஐயா.

ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

போன மாதம் பீர்மேடு வரை போனவன், நான் பிறந்து வளர்ந்த லயத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். எஸ்டேட் பூட்டி வருஷக்கணக்காகிறது. கூரை இல்லை. எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் மட்டும் பாதி நிற்கிறது, பாசி பிடித்து. அதன் முன்னால் நின்றதிலிருந்து அம்மாவின் கணக்குதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். செயலி எதுவும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். பட்டன் போனுக்கு மாறாதே. உன் அம்மாவின் சம்பளம் வங்கியில் விழுந்த செய்தியிலிருந்து உன் வகுப்பு நோட்ஸ் வரை அதில்தான் வருகிறது.

அடிமை என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சொல்லைக் கீழே வை. முன்பணம் கொடுத்து, கடனில் கட்டி, ஆள்பிடிக்கும் கங்காணிகள் மலையேற்றிய சனங்களின் பேத்தி நீ. உன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. அந்தப் போன் உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தாயா? கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1ஆம் தேதி கேரளத்துப் பள்ளிக்கூடம் கைட் விக்டர்ஸ் என்ற அரசுக் கல்விச் சேனலுக்குள் போனது. ஃபர்ஸ்ட் பெல் என்று பெயர். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் பாடம் வந்தது. அந்த மழையில் ரேஞ்ச் கிடைக்கும் வளைவாகத் தேடி, ஒரு குடைக்குள் மூன்று பிள்ளைகள் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நீயும் அதில் ஒருத்தியாக இருந்திருப்பாய். படிக்கத்தான் வாங்கினார்கள். இன்று அதில் வேறு பலதும் நடக்கிறது. எது எவ்வளவு என்று பார்க்கத்தான் உன் மிஸ் சொல்லியிருக்கிறார். நல்ல வாத்தியார் அம்மா அவர்.

இப்போது அம்மாவின் கணக்கு.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுப்பார்கள். அம்மா சாக்கைத் தலையில் சுமந்து வந்து வரிசையில் நிற்பாள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார், ஏதோ எழுதுவார். எவ்வளவு எழுதினார் என்று கேட்கும் வழக்கம் கிடையாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கால் கழுவுவதற்கு முன்னால் அடுப்புக்கரியை எடுப்பாள். பத்துக் கிலோவுக்கு ஒரு நீளக் கோடு, கிலோவுக்கு ஒரு புள்ளி. தராசு முள் எங்கே நின்றது என்று அவள் கண் பார்த்ததை அப்படியே சுவரில் ஏற்றிவிடுவாள்.

சம்பளத்துக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, சுவரைத் தாளில் இறக்கச் சொல்வாள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நான் முதன்முதலில் பார்த்து எழுதிய ஏடு அந்தச் சுவர்தான். ஒரு மாதம் ஆபீஸ் சீட்டில் 11 கிலோ குறைந்தது. அம்மா தாளை நீட்டினாள். கணக்கப்பிள்ளை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். 11 கிலோவைக் கூட்டி எழுதவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அம்மா முறை வந்தால் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுதினார்.

சுவரில் கோடும் புள்ளியும் மட்டும் இல்லை. கிலோ குறைந்த நாளுக்குப் பக்கத்தில் வேறு குறிகள் இருக்கும். சாய்ந்த கோடு என்றால் அடைமழை. வட்டம் என்றால் தங்கச்சிக்குக் காய்ச்சல். முக்கோணம் போட்டால், கவாத்து வெட்டி இன்னும் துளிர்க்காத மலையில் அவளை விட்டிருந்தார்கள். ஆபீஸ் சீட்டுக்குக் குறைந்தது மட்டும்தான் தெரியும். ஏன் குறைந்தது என்பது அடுப்படியில் இருந்தது.

உன் போன் சொல்வது ஆபீஸ் சீட்டு மகளே. 2018இல் கூகுளும் ஆப்பிளும் இந்தக் கணக்கைப் போனுக்குள்ளேயே கொண்டுவந்தன. எந்தச் செயலி எவ்வளவு நேரம் திரையில் இருந்தது, எத்தனை தடவை திறந்தாய், எத்தனை அறிவிப்பு வந்தது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். திரையை அணைத்துவிட்டு நீ பாட்டுக் கேட்ட நேரம் அதில் வராது. வாட்ஸ்அப்பில் நீ அக்கவுண்ட்ஸ் குறிப்பைப் படித்தாலும், சும்மா ஸ்டேட்டஸைத் தள்ளிக்கொண்டிருந்தாலும் இரண்டும் அதற்கு வாட்ஸ்அப்தான். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடு என்று சொல்ல வரவில்லை. அதுவும் வேண்டும். மனசுக்குத் தோன்றுகிற கணக்கும் போன் காட்டுகிற கணக்கும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2021இல் வந்திருக்கிறது. அம்மாவும் சீட்டையும் சுவரையும் சேர்த்து வைத்துத்தான் பேசினாள்.

அந்த 40 நிமிடத்துக்கு வருகிறேன். கோபமாகத்தான் இருக்கிறது. 1 மணி 50ஐ 40 ஆக்கினாயே, யாருக்குப் பயந்து? உன் மிஸ் உன்னை அடிக்கப் போகிறாரா? கணக்கப்பிள்ளை குறைத்து எழுதினால் தாளை நீட்டிக் கேட்கலாம். உன் நோட்டில் நீயே குறைத்து எழுதினால் போய்க் கேட்க ஆபீஸ் எங்கே இருக்கிறது? பி.காம். படிக்கிற பிள்ளை, கணக்குப் புத்தகத்தில் கை வைப்பதை இந்த நோட்டிலா பழகுவது? 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை, உன் அம்மாவைக் கேள், சொல்வாள். பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். 10 சதவீதமாகக் குறைத்த போனஸை 20 ஆக்க வைத்தார்கள். அடுத்த மாதம் 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆயிற்று. எத்தனை கிலோ எடுத்தோம், கையில் எவ்வளவு வந்தது என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. அந்த மாவட்டத்துக்காரி நீ. இன்றைக்கே அந்த 40ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 1.50 என்று எழுது. அழிக்காதே, அடித்ததும் தெரியட்டும்.

பிறகு நோட்டில் கோடு கிழித்து இன்னொரு பத்தி போடு: எதற்கு எடுத்தேன். இதை மட்டும் விடாமல் எழுது. நேரம் குறிக்க மறந்தாலும் பரவாயில்லை. 112 தடவையும் எழுத முடியாது, தெரியும். இருபது எழுது. பஸ் வந்துவிட்டதா என்று பார்க்க எடுத்தேன், அரை மணி நேரம் வேறெங்கோ போய்விட்டேன் என்றால் அப்படியே எழுது. அம்மா திட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொள்ள எடுத்தேன் என்றால் அதையும் எழுது. குமுளியிலிருந்து பஸ் இறங்கும்போது சிக்னல் போய்விடும், அப்போதும் எடுத்துப் பார்த்தாயா? அதை முதலில் எழுது. பயம், சலிப்பு, பசி, அவசரம் என்று அம்மாவின் வட்டமும் முக்கோணமும் போல உனக்கும் குறிகள் உண்டாகும். ஒரு வாரத்தில் வராது. ஒரு மாதம் எழுது.

நீ அனுப்பிய பக்கத்தில் நீ கூட்டாமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது. இரவு 12.20க்குப் போனை வைத்திருக்கிறாய். காலை 5.15க்கு அலாரம். ஐந்து மணி நேரம்கூட இல்லை. எங்கள் எஸ்டேட்டுக்கு மலையாளி சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். அம்மாவின் சாக்கைத் தராசில் வைத்து "தூக்கம் குறவாணல்லோ" என்பார். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை, அவர் சொன்னது அதை. எனக்கோ நம் தூக்கம்தான் காதில் விழும். விடிவதற்கு முன்னால் எழுந்து சோறாக்கிவிட்டு வந்த அம்மாவைப் பார்த்து அந்த மனுஷனுக்கு இரக்கம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். சாக்கை உதறிக்கொண்டே சிரித்தாள். "ரெண்டுமே கொறச்சல்தான்டா" என்றாள்.

வேறெதையும் மாற்றுவதற்கு முன்னால் இந்த ஐந்து மணியை ஏழாக்கு. போனை அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படு.

பாட்டியை மறந்துவிட்டேன். அந்த 25 நிமிடத்தை எழுது. பக்கத்தில் பாட்டி என்று எழுது. அடுத்த வாரமும் பிடித்துக் கொடு. மகன் என்ன சொன்னான், பாட்டி எதற்குச் சிரித்தாள் என்று இடமிருந்தால் ஒரு வரி சேர்த்துக்கொள். அந்தப் பக்கத்தையும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்
அண்ணாச்சி