தேர்ச்சிக் கணக்கு மட்டும் போதாது, அண்ணாச்சி

முக்கூடல் எழுத்தறிவு மையத்தில் படித்த பீடி சுற்றும் பெண்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள், மதிப்பீட்டில் வேறென்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் தேர்வில் வாசிப்பு, எழுதுதல், கணக்கு என்று தலா 50, மொத்தம் 150 மதிப்பெண். அது ஒரு நாள் கணக்கு, அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து வீட்டுக்கே போய்ப் பாருங்கள். பீடிக் கடை பாஸ்புக்கில் எழுதிய இலை, புகையிலைத் தூள் எடையையும் கழிவு என்று ஒதுக்கிய பீடிக்குப் பிடித்ததையும் அவர்களே சரிபார்க்கிறார்களா? மனநிலை அறிய நீளமான கேள்வித்தாள் எதற்கு? கடை ஆளிடம் எதிர்த்துக் கேட்கத் தைரியம் வந்ததா என்று கேளுங்கள், கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

இடையில் நின்றவர்களையும் பாருங்கள். எங்கள் ஊரில் பீடி கொடுக்கப் போகும் நேரத்தில் வகுப்பை வைத்துவிட்டு, வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதினார்கள்! அப்புறம், வகுப்பில் சேராத பத்துப் பேரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். இல்லாவிட்டால் மாற்றம் வகுப்பால் வந்ததா, மகள் சொல்லிக்கொடுத்து வந்ததா என்று பிரிக்க முடியாது.