இசைகுடிமானம் மட்டும் போதாது, ஆச்சி

கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானத்தை, அதாவது நம் நகரத்தார் வழக்கப்படி இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் திருமண ஒப்பந்தத்தை, சிங்கப்பூரில் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள், ஆச்சி. நமக்கு அது பெரிய ஆவணம்தான். ஆனால் அங்கே கேட்பது சார்பதிவாளர் தரும் திருமணப் பதிவுச் சான்றிதழ். இன்னும் பதிவு செய்யவில்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். பெயரும் முன்னெழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று. சிங்கப்பூரில் அப்போஸ்டில் உடன்படிக்கை 2021 செப்டம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் அப்போஸ்டிலுக்கு மேல் தூதரக முத்திரை தேவையில்லை; அதற்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அசலைத் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள்! என் மகளின் சான்றிதழை அப்படிச் செய்துவிட்டு, புதிய பிரதிக்காகக் காரைக்குடியில் மறுபடியும் அலைந்தோம்.