மாம்பழத் தோலில் பயோசர்ஃபாக்டன்ட்: 12 லட்சத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: நத்தம் அருகே சிறிய மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். கழிவுத் தோலிலிருந்து நுண்ணுயிர் மூலம் பயோசர்ஃபாக்டன்ட் என்ற சோப்புச் சரக்கை எடுக்க 12 லட்சத்தில் எல்லாம் அமைத்துத் தருவதாகவும், சரக்கைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், மானியமும் உண்டு என்றும் ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

தோலின் சர்க்கரையைத் தின்று வளரும் சில பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும், எண்ணெயும் தண்ணீரும் கலக்க உதவும் இந்தப் பொருளைச் சுரப்பது உண்மைதான். தரகர் சொல்லாமல் விடுவது அதற்குப் பிறகு நடப்பதை. நுண்ணுயிர் வளரக் காற்றைச் செலுத்தியதும் நொதிக்கும் கலன் நுரைத்து வழியும். லிட்டருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில கிராம். அதைப் பிரித்துச் சுத்தம் செய்யவே மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போய்விடும். தோல் இலவசம் என்பதால் மட்டும் லாபம் வராது. மாம்பழ சீசன் முடிந்தால் கலனும் சும்மா கிடக்கும்.

பாட்டிலைக் குலுக்கி நுரை காட்டியிருப்பாரே? பூந்திக்கொட்டைச் சாறும் நுரைக்கும், சோப்புத்தூளும் நுரைக்கும். உங்கள் தோலை உங்கள் கண்ணெதிரே நொதிக்க வைக்கச் சொல்லுங்கள். நொதித்த சாறு, நொதிக்காத சாறு இரண்டிலும் சம அளவு எண்ணெய் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, 24 மணி நேரம் வையுங்கள். நொதித்ததில் மட்டும் எண்ணெய் பிரியாமல் நின்றால் மேற்கொண்டு பேசலாம். நுண்ணுயிரின் பெயரையும் கேளுங்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத் தாக்கும் கிருமி. உணவு ஆலைக்குள் அதற்கென்ன வேலை?

ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டார்மெரெல்லா பாம்பிகோலா என்ற ஈஸ்ட், சோபோரோலிப்பிட் என்ற பயோசர்ஃபாக்டன்ட்டை லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல்கூடத் தரும். நோய் பரப்பாது. விளைந்த பொருளும் பெரும்பாலும் அடியில் தனியாகத் தங்கிவிடும், பிரிப்பது எளிது. ஆனால் அந்த 100 கிராம், குளுக்கோஸும் எண்ணெயும் சேர்த்து ஊட்டியபோது வந்த கணக்கு. வெறும் தோல் சாற்றில் அதை எதிர்பார்க்கக் கூடாது. எண்ணெயை விலைக்குத்தான் வாங்க வேண்டும். தரகர் இந்த ஈஸ்ட்டின் பெயரைச் சொல்லியே மயக்கக்கூடும். எண்ணெய்ச் செலவை யார் ஏற்பது என்று கேட்டுப் பாருங்கள்.

மானியம்? குறு உணவு நிறுவனங்களுக்கென 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று வைத்தார்கள். அது உணவு பதப்படுத்துவதற்கு. சோப்புக்கான சரக்கு உணவல்ல. இதை அலுவலகத்தில் கேட்டால் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டும். ‘கிடையாது’ என்று எழுதித் தர ஆளில்லை. தரகர்கள் பிழைப்பதே அதனால்தான்.

முதலில் மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் தோல் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்க வழி கேளுங்கள். அதுவரை கொட்டையைத் தோலோடு குப்பையில் கொட்டாமல் தனியே காயவையுங்கள். உள்ளிருக்கும் பருப்பின் கொழுப்பு அழகுப் பொருள்களுக்கும் சாக்லேட்டுக்கும் போகிறது. அதை விற்க நுண்ணுயிர் எதுவும் வேண்டாம்.