பெட்டிக்குப் பின்னால் இருப்பவர்

கேள்வி: என் அப்பா வாங்கி வைத்திருந்த பாடகி கிரேஸ் ஜோன்ஸின் 'நைட்கிளப்பிங்' (1981) இசைத்தட்டில் கீறல் விழுந்துவிட்டது. அதன் மறுபதிப்பை வாங்கலாமா? அதில் ஒரு பாட்டில் நம் ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஏதோ கேட்கிறதே, அது என்ன?
– வாசகி, தோ பாயோ

பதில்: முதலில் உங்கள் காதுக்கு ஒரு வணக்கம். நீங்கள் கேட்டது அக்கார்டியன். ஆனாலும் 'பெட்டி' என்று நீங்கள் எழுதியதில் பிழை எதுவும் இல்லை, ஏனெனில் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். துருத்தியிலிருந்து வரும் காற்று மெல்லிய உலோக நாக்கு ஒன்றை அதிரச் செய்கிறது; ஆர்மோனியக்காரர்கள் ரீடு என்று சொல்வது அதைத்தான். சீன இசைக்குழுக்களில் மூங்கில் குழல்களைக் கொத்தாகக் கட்டி வாயால் ஊதுகிறார்களே, அந்த ஷெங் கருவியில் இதே நாக்கு பல நூற்றாண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில், 1829இல் வியன்னாவின் சிரில் டெமியான் அக்கார்டியனுக்குக் காப்புரிமை பெற்றார். 1842இல் பாரிசில் ஆர்மோனியம் காப்புரிமை பெற்றது. காலால் மிதித்து வாசித்த அந்தக் கனத்த கருவியைக் கல்கத்தாவில் சுருக்கி, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்தபடி வாசிக்கும்படி மாற்றிய பிறகுதான் அது நம் பெட்டியானது.

இந்தப் பெட்டி நம்முடையதே அல்ல என்று வாதிட்டு இன்றும் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதனால் முடியாது, எனவே கமகம் வராது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும் இதுவே முக்கியக் காரணம். அந்த விலக்கு தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குற்றச்சாட்டு உண்மைதான், ஆனால் தீர்ப்பு தவறு என்பதே என் கட்சி. இசை நாடக மேடையில் ஓரமாக அமர்ந்து, நடிகரின் குரல் தளரும் இடத்தில் பின்பாட்டும் பாடித் தாங்கிப் பிடித்த ஆர்மோனியக்காரர் இல்லாமல் விடிய விடிய ஒரு நாடகமும் நடந்திருக்காது. நமக்கு வெகு அருகில், ஜொகூரின் மலாய் கஜல் இசையில் ஆர்மோனியமும் தபலாவும் இன்றும் சேர்ந்தே ஒலிக்கின்றன. மலாய் ரோங்கெங் நடன இசைக் குழுக்களிலோ வயலினுக்குப் பக்கத்தில் இருப்பது அக்கார்டியன். ஜாலான் புசாரின் நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் ஜோகெட் ஆடிய தலைமுறைக்கு இந்தத் துருத்தியின் மூச்சு நன்றாகவே பழக்கம்.

இனி உங்கள் பாட்டுக்கு வருகிறேன். அதன் மெட்டு அர்ஜென்டினாவின் அஸ்டோர் பியாசோலா 1974இல் வெளியிட்ட 'லிபர்டாங்கோ'. அவர் வாசித்தது பாண்டோனியன் என்னும் பொத்தான் பெட்டி. அதுவும் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போன இதே குடும்பத்துப் பிள்ளை. பஹாமாஸின் நாசாவ் நகரில் உள்ள காம்பஸ் பாயிண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான ஜோன்ஸின் தொகுப்பில், ஜமைக்காவின் ஸ்லை டன்பர் முரசிலும் ராபி ஷேக்ஸ்பியர் பேஸ் கிட்டாரிலும் ரெகே தாளத்தை நிதானமாக நடத்திச் செல்ல, அதன்மேல் டாங்கோ மெட்டை அக்கார்டியன் பாடுகிறது. ஆர்மோனியத்தில் காற்று உள்துருத்தியில் தேங்கிச் சீராக வெளியேறும். அக்கார்டியனிலோ வாசிப்பவரின் இடக்கை இழுப்பும் அழுத்தமும் நேராக நாக்கில் போய் விழுவதால் ஒவ்வொரு சுரமும் பெருமூச்சு போல ஏறி இறங்குகிறது. ஒரு முகம் தன்னைப் பின்தொடர்கிறது என்று தாழ்ந்த குரலில் ஜோன்ஸ் சொல்லும்போது நமக்கு உண்டாகும் திகிலில் பாதி அந்தப் பெருமூச்சிலிருந்து வருவது. அதை வாசித்தவர் ஜாக் எம்ப்ளோ என்னும் ஆங்கிலேயர்.

அவர் பெயரை என்னால் எழுத முடிகிறது என்பதைக் கவனியுங்கள். அந்தத் தொகுப்பு, ஒரே ஒரு பாட்டுக்கு வாசித்தவரையும் பெயர் சொல்லிக் குறித்து வைத்தது. நம் பழைய திரைப்பட இசைத்தட்டுகளின் வட்டச் சீட்டில் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும்; வாசித்தவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. எம்.எஸ்.விஸ்வநாதனின் குழுவில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தியை ரசிகர்கள் வாய்வழியாகச் சொல்லித்தான் நம்மில் பலர் அறிந்துகொண்டோம். வெள்ளி வெள்ளியாக விலை வைத்துப் பழைய பாடல்களை மறுபதிப்புச் செய்கிறவர்கள், ஒலியைத் துலக்குவதற்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது அந்தப் பெயர்களைத் தேடி அச்சிடுவதற்குச் செலவிட வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன். மூத்த கலைஞர்கள் சிலரேனும் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

மறுபதிப்பை வாங்குங்கள். 2014இல் வந்த விரிவான பதிப்பில் பாடல்களின் நீண்ட வடிவங்களும் அதுவரை வெளிவராத இரண்டு பதிவுகளும் உண்டு. தட்டில் கீறல் விழுந்தால் என்ன, அப்பாவின் பழைய அட்டையை மட்டும் வீசிவிடாதீர்கள். எழுத்து பொடியாக இருந்தாலும் பூதக்கண்ணாடி வைத்தாவது அதில் எம்ப்ளோவின் பெயரை ஒருமுறை தேடிப் படியுங்கள்.